பழைய பெட்டியை மூடுகிறோம்: சென்னிமலையிலிருந்து ஆடி மாத நாட்குறிப்பு

ஜூலை 21, 2025

சென்னிமலைத் தறிக்கடை ஒன்றின் தளம். பெட்ஷீட், துண்டு, பவானி ஜமக்காளம் என்று 140 பக்கம். தளம் ஓடுவது வேர்ட்பிரஸ் மென்பொருளில். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0, பத்தி, படம் என ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாக வைக்கும் பிளாக் எடிட்டரோடு வந்தபோது, பழைய எழுதும் பெட்டியையே காட்டும் கிளாசிக் எடிட்டர் பிளகினைப் போட்டு அப்படியே நிறுத்திவிட்டார்கள். தீபாவளிச் சரக்கு ஏறுவதற்குள் பிளாக் எடிட்டருக்கு மாற்றியாக வேண்டும்.

இன்று பேக்கப் மட்டும். டேட்டாபேஸ் ஒரு பிரதி, அப்லோட்ஸ் ஃபோல்டர் ஒரு பிரதி. டேட்டாபேஸை மட்டும் இறக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நிறைய. அதில் படத்தின் முகவரிதான் இருக்கும், படம் இருக்காது. இரண்டையும் வைத்து ஒரு சப்டொமைனில் ஒத்திகைத் தளம் போட்டோம். செட்டிங்ஸ், ரீடிங் பக்கத்தில் தேடுபொறிகளை வரவேண்டாம் என்று சொல்லும் டிக் போட்டாயிற்று. இல்லாவிட்டால் கூகிளில் ஒரே கடை இரண்டாகத் தெரியும்.

ஜூலை 22

ஒத்திகைத் தளத்தில் பிளாக் எடிட்டரைத் திறந்து ஒரு வரி தட்டி, அப்டேட் கொடுத்ததுமே 'ஜேசன் பதில் சரியில்லை' என்று சிவப்பில் வந்தது. பழைய எடிட்டர் சாதாரணப் படிவம் மாதிரி அனுப்பிச் சேமிக்கும். புதியது ரெஸ்ட் ஏபிஐ என்ற, நிரல்கள் தளத்தோடு பேசும் வழியாகப் போகும். அந்த வழி அடைபட்டால் எழுத முடியும், சேமிக்க முடியாது. பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: ஜெனரல் பக்கத்தில் இரண்டு முகவரிகளும் எச்டிடிபிஎஸ்தானா, பெர்மாலிங்க் பக்கத்தில் எதையும் மாற்றாமல் ஒருமுறை சேவ், பாதுகாப்புப் பிளகின் ரெஸ்ட்டை மறித்திருக்கிறதா. இங்கே மூன்றாவது.

துணி வகைகளுக்கென்று, தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமில் தனிப் பதிவு வகை எழுதியிருக்கிறார்கள். கிளாசிக்கை நிறுத்தினாலும் அங்கே மட்டும் பழைய பெட்டியேதான் வந்தது. பதிவு வகையை அறிவிக்கும் வரிகளில் 'ஷோ இன் ரெஸ்ட்' என்பதற்கு 'ட்ரூ' கொடுக்கவில்லை. ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

ஜூலை 24

நாள் முழுக்கப் பாமினி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் பூட்டிய பழைய எழுத்துரு அது. இருபது சொச்சம் பக்கங்கள் அதில் தட்டி அப்படியே ஒட்டியவை. கடையின் தீம் அந்த எழுத்துருவை வைத்திருந்ததால் வாசகருக்குத் தமிழாகத் தெரிந்தது. எடிட்டருக்குள் எழுத்துரு இல்லை. 'தமிழ்' என்ற இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. புள்ளிதான் அந்த அரைப்புள்ளி.

முதலில் யூனிகோடு, பிறகுதான் பிளாக். வரிசை மாறக்கூடாது. எங்கே பாமினி தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் ஒரே அடையாளம் பழைய எச்டிஎம்எல்லில் உள்ள எழுத்துருக் குறிதான். பிளாக்காக்கும்போது அதைத் தொலைத்தால் கையால்தான் தேட வேண்டும்.

பக்கத்தை மொத்தமாக யூனிகோடு மாற்றியில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு விலைப்பட்டியலே சாட்சி. பாமினியில் கமா விசை 'இ', எக்ஸ் விசை 'ஒ'. ஆகவே '1,250 ரூபாய்' என்பது '1இ250' ஆனது. அறுபதுக்குத் தொண்ணூறு அங்குலப் பெட்ஷீட் '60 ஒ 90' ஆனது. தமிழ்த் துண்டுகளை மட்டும் வெட்டி மாற்றி, எண்களைத் தொடாமல் விட்டோம். இன்னொன்று: பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் உட்காரும், யூனிகோடில் பின்னால். 'சென்னிமலை'யின் கொம்புக்கும் ச-வுக்கும் நடுவில் யாரோ போல்ட் போட்டிருந்தார்கள். மாற்றிய பிறகு கொம்பு தனியாக, புள்ளி வட்டத்தோடு தொங்கியது.

ஜூலை 28

அசல் தளத்திலும் ரெஸ்ட், பதிவு வகை, பாமினி மூன்றையும் முடித்துவிட்டு அங்கேயே பிளாக்காக்கத் தொடங்கினோம். ஒத்திகை டேட்டாபேஸை அசல் மேல் ஏற்றினால் நடுவில் வந்த ஆர்டர் விசாரணைகள் அழியும். கிளாசிக் பிளகினின் அமைப்பில் 'பயனர்கள் மாற்றிக்கொள்ளலாம்' என்று வைத்தால் பக்கம் பக்கமாக எடிட்டரைத் தேர்ந்தெடுக்கலாம்.

பழைய பக்கம் திறந்தால் முழுவதும் ஒரே கிளாசிக் பிளாக்காக நிற்கும். 'கன்வர்ட் டு பிளாக்ஸ்' கொடுத்தால் பத்தி, தலைப்பு, படம், அட்டவணை எனப் பிரியும். தனி வரியில் நின்ற ஷார்ட்கோட் (சதுர அடைப்புக்குள் எழுதும் குறுங்கட்டளை), ஷார்ட்கோட் பிளாக் ஆகும். இடைவெளிக்காக எண்டர் தட்டித் தட்டி விட்ட இடமெல்லாம் வெற்றுப் பத்திகளாக வந்து நிற்கும். லிஸ்ட் வியூவில் பார்த்து அழிக்க வேண்டும். மாற்றுமுன், முந்தைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் ரிவிஷன் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் அதை அணைத்து வைத்திருப்பார்கள். அப்போது திரும்பிப் போக வழியில்லை.

'எதிர்பாராத உள்ளடக்கம்' என்று பிளாக் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் யாரோ எச்டிஎம்எல்லைக் கையால் திருத்தியிருப்பார்கள். பிளாக் தான் எழுதியிருக்கக்கூடியதையும் சேமித்ததையும் ஒப்பிடும். உள்ளே இருக்கும் ஒரு குறியில் கிளாஸ் பெயர் (தோற்றத்துக்காகக் குறியில் வைக்கும் பெயர்) ஒன்று கூடினாலும் ஒத்துக்கொள்ளாது.

ஆகஸ்ட் 1

கடையின் தளத்தில் விலைகளைப் பதியும் அக்காவின் முதல் கேள்வி: "ஏனுங்க, மேல இருந்த பட்டனெல்லாம் எங்கீங்க போச்சு?" முப்பது பட்டனும் ஒரே வரிசையில் இருந்து பழகிய கை. ஆப்ஷன்ஸில் 'டாப் டூல்பார்' போட்டதும் கருவிகள் மேலே நிலையாக நின்றன. பாதிப் புகார் அதோடு தீர்ந்தது.

மற்றது சிங்க்டு பேட்டர்ன், அதாவது பல பக்கங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரே துண்டு. எல்லாத் துணிப் பக்கத்திலும் ஒரே 'துவைக்கும் முறை' குறிப்பு. அதைச் சிங்க்டு பேட்டர்னாக வைத்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அதுவே ஆபத்தும்கூட. அக்கா ஜமக்காளத்துக்கு மட்டும் 'மெஷினில் போடாதீர்கள்' என்று சேர்த்தார். துண்டு, பெட்ஷீட் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. ஒரு பக்கத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் முதலில் 'டிடாச்' கொடுத்துப் பிரிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. பவானி கூடுதுறைப் பக்கம் வண்டி நகராது. வேலை இல்லை.

ஆகஸ்ட் 5

புதுப் பக்கங்களுக்கு முகவரியை ஆங்கிலத்தில் கையால் தட்டச் சொல்லியாயிற்று. தமிழ்த் தலைப்பை அப்படியே விட்டால் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் ஒன்பது எழுத்து பிடிக்கும்; முகவரிக்கான இடமோ 200 எழுத்துதான். 'சென்னிமலை' மட்டுமே ஒன்பது குறி, 81 எழுத்து. மூன்றாவது சொல்லிலேயே அறுந்துவிடும். பழைய முகவரிகளைத் தொடவேண்டாம். போஸ்டின் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதிலிருந்து திருப்பிவிடும், பேஜுக்குத் திருப்பாது.

கடைசிச் சோதனை: டேட்டாபேஸில் உள்ளடக்க நெடுவரிசையில், பிளாக்குகள் விட்டுச்செல்லும் 'டபிள்யூபி:' குறி இல்லாத பக்கங்கள் எத்தனை? ஒன்பது. எல்லாம் பழைய கண்காட்சி அறிவிப்புகள். அவை கிளாசிக் பிளாக்காகவே கிடக்கட்டும். பிளகினை எடுத்தாலும் வாசகருக்கு அப்படியேதான் தெரியும். மதியம் பிளகினை டிஆக்டிவேட் செய்தோம்.