ஐப்பசிக்கு முன் கடைப் பலகையில் எழுதியவை

நேற்று மத்தியானம் கடைப் பலகைக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தேன். ஒவ்வொரு வருடமும் புரட்டாசி முடிகிற வாரத்தில் செய்கிற வேலை இது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பஸ் நிற்கிற இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாசலில் இருக்கிற பலகை அப்பா காலத்தது. கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர் அவர். மணியார்டர் வந்தவர்களின் பெயரை எழுதத்தான் முதலில் வைத்தார். அப்புறம் மழைக்காலத்தில் ரேடியோவில் கேட்டதையும் எழுத ஆரம்பித்தார். அவருக்குப் பிறகு நான்.

முன்பு ஊரில் தண்டோரா போடுவார்கள். ஒரு மனிதரைப் பறையடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்க வைப்பது நியாயமில்லை. 2022 ஆகஸ்டில் அரசு அதை நிறுத்தச் சொன்னது நல்ல காரியம். இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வருகிறார்கள். ஆனால் ஆட்டோ தெருவைத் தாண்டுகிற நேரத்தில் பாதி வாக்கியம்தான் காதில் விழுகிறது. விழுகிற பாதியிலும் ‘தாழ்வான பகுதிகளில் வசிப்போர்’ என்று வரும். அது தன்னைத்தான் சொல்கிறது என்று எங்கள் ஊரில் ஒருவரும் நினைக்க மாட்டார்கள். ‘வடக்குத் தெரு, வாய்க்கால் கரையில் கடைசி ஆறு வீடு’ என்று பலகையில் எழுதினால், அந்த ஆறு வீட்டிலிருந்தும் வந்து என்ன செய்யணும் என்று கேட்கிறார்கள். அதனால்தான் இந்த வேலையை விட மனம் வரவில்லை.

மழை அளவைக்கூட அப்படித்தான் எழுதுவேன். வானிலை மையம் ‘அதி கனமழை’ என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல். ஸ்கேலில் காட்டினால் இவ்வளவுதானா என்பார்கள். ஒரு ஏக்கரில் 20 சென்டிமீட்டர் பெய்தால் எட்டு லட்சம் லிட்டர் தண்ணீர். அது வடியாமல் நின்றால் நட்டு இருபது நாள் ஆன சம்பாப் பயிர் பாழாகிவிடும். வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் எங்கே வடியும்? போன வருடம் இந்தக் கணக்கை எழுதிய பிறகு இளைஞர்கள் பத்துப் பேர் மண்வெட்டியோடு வடிகாலில் இறங்கினார்கள். இந்த வருடமும் எழுதியிருக்கிறேன்.

புயலுக்கென்று ஒரே ஒரு வரிதான்: ‘காற்று சட்டென்று நின்றால் வெளியே வரக் கூடாது.’ இதை அப்பாவிடம் கற்றேன். 2018 நவம்பர் 16, நடுநிசி தாண்டிக் கஜா புயல் கரையைக் கடந்தது. வடக்கிலிருந்து அடித்த காற்று திடீரென்று அடங்கியது. ஓலை அசையாத அமைதி. எதிர்வீட்டு அண்ணன் டார்ச்சோடு வாசலுக்கு வந்துவிட்டார். 77-ஆம் வருடப் புயலைப் பார்த்தவர் அப்பா. “உள்ளே போப்பா, கண்ணு கடக்குது, இன்னும் பாதி இருக்கு” என்று திண்ணையிலிருந்து கத்தினார். கண் என்றால் புயலின் நடுவில் காற்று அடங்கிக் கிடக்கிற இடம். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடித்தது. வடக்குக் காற்றுக்குத் தாக்குப்பிடித்து நின்ற தென்னைகள் அப்போதுதான் விழுந்தன. அண்ணன் நின்ற இடத்தில் ஒன்று.

அடுத்து கட்டுவிரியன். பலகையில் பாதி இதற்குத்தான்.

மழை பெய்து வரப்பு வளைகளில் தண்ணீர் ஏறினால் எலி மேட்டுக்கு வரும், அதன் பின்னாலேயே பாம்பும் வரும். நல்ல பாம்பு படமெடுக்கும், கண்ணாடி விரியன் சீறும். கட்டுவிரியன் சத்தமே போடாது. கன்னங்கரேல் என்று, உடம்பில் மெல்லிசாக வெள்ளைக் கட்டுகளோடு, ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர் பக்கத்தில் வரும். கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. பல் பட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. கூடத்தில் பாய் போட்டுப் படுத்தவர் மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ராத்திரி சாப்பிட்ட மீன் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சித்தி சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அதை அவரால் விழுங்க முடியவில்லை. கடைவாயில் வழிந்தது. நான் விளக்கைப் போட்டு முகத்தைப் பார்த்தேன். விழித்துத்தான் இருந்தார், ஆனால் இமை இரண்டும் பாதிக்கு மேல் தூக்க வரவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்குக் கீழே இருக்கிற இடுக்கு வழியாக என்னைப் பார்த்தார். நாக்கு குழறியது. அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. 108-க்குப் போன் செய்தோம். விஷமுறிவு மருந்து ஏற்றி, மூன்று நாள் செயற்கைச் சுவாசத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். பிறகுதான் பாயைச் சுருட்டும்போது மூலையில் சாக்குக்கு அடியில் கட்டுவிரியன் சுருண்டு கிடந்ததைப் பார்த்தோம்.

அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘ராத்திரி தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாமல் வயிற்றுவலி வந்து, இமை சொருகினால் பாம்புக்கடி என்றே நினைக்கவும். கடிவாய் தேட வேண்டாம். கீறாதே, இறுக்கிக் கட்டாதே, நடக்க விடாதே. உடனே அரசு ஆஸ்பத்திரி.’ கட்டில் இல்லாத வீட்டுக்கு ஒரு கொசுவலை போதும். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். விறகு அடுக்கிலும் வரட்டிக் குவியலிலும் கையை விடுவதற்கு முன் கம்பால் தட்ட வேண்டும்.

கரண்டுக் கம்பத்தைப் பற்றி எழுதினால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டியிருக்கிற ஸ்டே கம்பியில் ஆடு கட்டுவது, அதிலிருந்து கொடி இழுத்து ஈரத்துணி காயப்போடுவது இரண்டையும் இந்த மூன்று மாதமாவது நிறுத்துங்கள். அறுந்து கிடக்கிற கம்பியில் கரண்ட் இல்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. பன்றிக்கு, எலிக்கு என்று வயல் வேலியில் கரண்ட் விடுவது சட்டப்படி குற்றம். ராத்திரி மடை பார்க்கப் போகிற பக்கத்து வயல்காரர்தான் அதில் சிக்குவார்.

குளத்தில் சவுடு மண் எடுத்த குழி வெளியே தெரியாது. மேலே ஒரே மட்டமாகத் தண்ணீர் நிற்கும். இரண்டு எட்டு முழங்கால் ஆழம், மூன்றாவது எட்டில் இரண்டு ஆள் ஆழம். நாலு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் நடச் சொல்லியிருக்கிறேன். நடும் வரை பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

சம்பா காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 வரைதான். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் இப்போதே எடுத்து வையுங்கள். கடைசி இரண்டு நாள் சர்வர் நகராது.

இவ்வளவும் எழுதி முடித்தபோது மேலத்தெருப் பெரியம்மா வந்து நின்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“மாட்டைப் பத்தி ஒண்ணும் எழுதலையேம்மா.”

கஜாவில் அவருடைய கறவை மாடு கட்டுத்தறியிலேயே, கொட்டகை மேலே விழுந்து செத்துப்போனது. காலையில் கூரை ஓடுகளை விலக்கிப் பார்த்தபோது, கயிறு இழுத்து இழுத்துக் கழுத்துத் தோல் உரிந்திருந்தது. பலகையில் இடமில்லை. காப்பீட்டு வரியைத் துடைத்துச் சின்னதாக எழுதிவிட்டு, ‘புயல் சொன்னால் இருட்டும் முன் ஆடு மாட்டை அவிழ்த்து விடவும்’ என்று பெரிய எழுத்தில் சேர்த்தேன்.

“கோழிக் கூண்டையும் தொறந்து விடச் சொல்லு” என்றார்.

அதையும் எழுதினேன்.