பட்டின் பின்பக்கம் பூசிய வெள்ளை: நீர்நிலவு அவலோகிதர், மூன்றாம் மாதம்

நேற்று சட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பழைய கொரியப் பாணியில் நான் பட்டில் வரைந்துவரும் அவலோகிதரின் (கருணையின் வடிவான பௌத்த போதிசத்துவர்) முகம் உள்ளிருந்து ஒளிர்கிறது. மூன்று மாதம் காத்திருந்தது இதற்குத்தான்.

கொரியாவின் கோரியோ காலத்து (918–1392) ஓவியர்கள் உடலுக்கான வண்ணத்தைப் பட்டின் பின்பக்கத்தில் பூசுவார்கள். நெசவின் இடைவெளி வழியே அது மெதுவாக முன்னே தெரியும். முதல் துணியில் நான் இதைச் செய்யாமல் முன்பக்கம் மட்டும் வெள்ளையைத் தடிப்பாகப் பூசினேன். காய்ந்ததும் கன்னத்தில் விரிசல். இரண்டாவது துணிக்கு வஜ்ஜிரக் (விலங்குப் பசை) கரைசலில் துளி படிகாரம் சேர்த்துத் தடவி, மை ஊறாமல் கோடு நிற்கிறதா என்று ஓரத்தில் சோதித்த பிறகே வரைந்தேன். பாவாடைச் சிவப்பும் பின்பக்கம்தான். சாதிலிங்கத்தில் பாதரசம் இருப்பதால் வேறு சிவப்பு எடுத்துக்கொண்டேன்.

பாறைமேல் அமர்ந்து, ஒரு காலைத் தொங்கவிட்டுத் தாமரையில் ஊன்றியிருக்கிறார். பக்கத்தில் குண்டிகை என்னும் நீர்க்குடுவையில் வில்லோ கிளை, பின்னால் மூங்கில், சுற்றிலும் முழுநிலவு போன்ற ஒளிவட்டம். கிரீடத்தில் நகக்கண் அளவே உள்ள அமிதாப புத்தரை மட்டும் விட்டுவிடக் கூடாது. இவர் அவலோகிதர் என்று சொல்லும் அடையாளம் அதுதான்.

அப்புறம் அந்த மெல்லிய மேலாடை. வெள்ளையை நீர்க்கப் பூசினால் போதும் என்று நினைத்திருந்தேன்; கீழே இருந்த சிவப்பு மங்கிப்போனது. ஜப்பானின் கரட்சு ஊரிலுள்ள ககாமி கோயிலின் 1310ஆம் ஆண்டு ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: அங்கே ஆடை முழுக்க முடி போன்ற வெள்ளைக் கோடுகள்! நான்கு மீட்டருக்கு மேல் உயரமான ஓவியம் அது. என்னுடையதில் ஒரு தோள் முடியவே ஒன்பது மாலைகள் ஆயின.

இவர் அமர்ந்திருக்கும் போதலகம் தென்னிந்திய மலை என்று யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். பொதிகைதான் அது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்கிறது வீரசோழியம் என்னும் இலக்கண நூல். கொரியப் பாறையை வரையும்போது எனக்கு அந்த ஞாபகம்தான்.

சுதனன் இன்னும் பாக்கி. ஞானம் தேடி அவலோகிதரிடம் வந்து, கீழ் மூலையில் கைகூப்பி நிமிர்ந்து பார்க்கும் சிறுவன். அவலோகிதரின் கண்ணிலிருந்து ஒரு நூலை இழுத்துக் கட்டிவைத்திருக்கிறேன். அது தொடும் இடத்தில் அவன் முகம் வரும்.