ட்ரவுட் ராடோடு கடலுக்குப் போனேன்: அரியமானில் பத்து மாதம்

மாற்றலாகி ராமநாதபுரம் வந்து பத்து மாதம் ஆகிறது. அதற்கு முன் மூன்று வருடம் ஊட்டி. அங்கே அனுமதிச் சீட்டு வாங்கி, அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் பிடித்துப் பழகியிருந்தேன். அந்த மீன் நம் மலைக்குச் சொந்தம் கிடையாது. வெள்ளைக்காரர்கள் பல தடவை முயன்று, 1900களின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் காலத்தில்தான் நிலைத்தது. அவலாஞ்சியில் இருக்கும் குஞ்சு பொரிப்பகம் 1907ஆம் ஆண்டுக் காரியம். குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது. ஆகவே ராமநாதபுரம் கரையில் ட்ரவுட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் சாமான்களோடு ட்ரவுட் ராடும் வந்து சேர்ந்துவிட்டது. எட்டரை அடி, 5ஆம் நம்பர். அதைச் சும்மா மூலையில் சாத்தி வைக்க மனம் வரவில்லை.

இந்தப் பத்து மாதத்தில் ராட், ரீல், லைன் மூன்றையும் மாற்றிவிட்டேன். ஏன் மாற்ற வேண்டி வந்தது என்பதை, இதே ஆசையோடு இந்தக் கரைக்கு வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த நம்பர் விஷயம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை தூண்டிலில் குண்டு இல்லை. முள்ளில் முடியும் இறகும் கட்டிய போலி இரைக்கு (அதுதான் ஃப்ளை) கனமே கிடையாது என்று சொல்லலாம். அதனால் கனத்தை லைனுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூச்சு போட்ட தடித்த லைன். அதைப் பின்னால் ஒரு தடவை நீட்டி, முன்னால் ஒரு தடவை வீசினால், வளைந்த ராட் நிமிரும்போது லைனைத் தூக்கி எறிகிறது. ராடின் பிடிக்கு மேலே எழுதியிருக்கும் எண், அது எந்த எடை லைனுக்குச் செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது 9 கிராம் இருந்தால் 5ஆம் நம்பர். 210 கிரெய்ன், 13.6 கிராம் இருந்தால் 8ஆம் நம்பர். வித்தியாசம் நாலரை கிராம். அந்த நாலரை கிராமுக்காகத்தான் கடைசியில் அத்தனை பணமும் செலவானது.

ஜூன் நடுவில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன வாரம், முதல் தடவை அரியமான் போனேன். உச்சிப்புளி தாண்டி உள்ளே போக வேண்டும். வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், ஆழமில்லாத மணல் கரை. முழங்கால் தண்ணீரில் நெடுந்தூரம் நடக்கலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்துக்கொண்டிருக்க, வடகடல் தகடு போல் கிடக்கும். தண்ணீரைப் பார்த்து ஆசைப்பட்டு இறங்கிவிட்டேன், காற்றை யோசிக்கவில்லை.

காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. முன்னால் வீச வசதிதானே என்று நினைத்தேன். ஆனால் முன்னால் வீசுவதற்கு முன் லைன் பின்னால் நேராக நீள வேண்டும், அந்தப் பின்வீச்சு காற்றுக்கு எதிரே போக வேண்டும். 9 கிராம் லைன் அந்தக் காற்றில் நீளவே இல்லை. கயிறு போலத் தொய்ந்து என் தோளில் விழுந்தது. ஊட்டியில் 50 அடி சிரமமில்லாமல் போட்டவனுக்கு இங்கே 25 அடி தாண்டவில்லை. பின்னால் கொஞ்சம் ஓங்கி வீசினால் ஃப்ளை கரையோரச் சீமைக்கருவேலத்தில் போய் மாட்டியது. அன்று ஒரு காலையில் நாலு ஃப்ளை போயிற்று.

பக்கத்தில் நாட்டுப்படகை இழுத்து வைத்துவிட்டு வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். “தம்பி, காத்த இடது தோளுல வாங்கிட்டு நில்லுங்க. வலப்பக்கம் வாங்கினா முள்ளு மூஞ்சிக்கு வரும்” என்றார். ஃப்ளை ராடை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. வீசுவதைப் பார்த்தே சொல்லிவிட்டார். அவர் சொன்னபடி கரையோடு கொஞ்சம் தள்ளித் திரும்பி நின்றேன். தூரம் கூடவில்லை, ஆனால் பயமில்லாமல் வீச முடிந்தது. கடற்கரையில் ஃப்ளை பழக வருகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது அந்த ஒரு வரியைத்தான்.

அப்புறம் லைன். ட்ரவுட் லைன் குளிர்த் தண்ணீருக்காகச் செய்தது. உள்ளே இருக்கும் திரியும் மேல் பூச்சும் மென்மையாக இருக்கும், அப்போதுதான் குளிரில் சுருண்டு நிற்காது. அதையே இந்த வெயிலில் காட்டினால் வெந்த இடியாப்பம் மாதிரி குழைந்துவிடுகிறது. பத்து மணிக்கு மேல் விரலில் ஒட்டியது, ராடின் வளையங்களில் ஒட்டியது, வழுக்கி ஓட வேண்டியது நின்று நின்று போனது. வெப்பக் கடலுக்கென்று விறைப்பான திரி வைத்துத் தனி லைன் விற்கிறார்கள். அதை ஊட்டிக்குக் கொண்டுபோனால் கம்பிச் சுருளாக நிற்கும். ராட் வாங்கப் போகிறவர்கள் இந்த விஷயத்தைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள், நானும் அப்படித்தான்.

ஜூலையில் முதல் பாறை மீன் மாட்டியது. முக்கால் கிலோகூட இருக்காது. ட்ரவுட் ரீல் எதற்காகச் செய்யப்பட்டது என்பது அன்றைக்குப் புரிந்தது. அரைக்கிலோ ட்ரவுட்டைக் கையால் லைனை இழுத்தே கொண்டுவந்துவிடலாம். ரீல் அங்கே லைன் சுற்றி வைக்கும் பெட்டி, அவ்வளவுதான். உள்ளே ஒரு பல்சக்கரம், அதைத் தட்டும் ஒரு நாக்கு, கிளிக் கிளிக் என்ற சத்தம். பாறை அப்படி நின்று பேசுகிற மீன் இல்லை. மாட்டிய நொடியில் ஆழம் பார்த்து ஓடியது. சக்கரம் கட்டுப்பாடில்லாமல் சுற்றி லைன் உள்ளேயே சிக்கிக்கொள்ள, கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டியைப் பெயர்த்தது. லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டிய நரம்பு அறுந்தது. நடந்ததெல்லாம் பத்து நொடிக்குள்.

மூன்றாம் வாரத்திலிருந்து அந்த ரீல் சுற்றவே இல்லை. திறந்து பார்த்தால் நாக்கைத் தாங்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் பொடிந்திருந்தது, அலுமினியத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் கழுவித்தான் வைத்தேன். கழுவியது வீட்டு போர் தண்ணீரில். சோப்புப் போட்டால் நுரை வராத தண்ணீர் அது. உப்பை உப்பாலேயே கழுவியிருக்கிறேன். இப்போது காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் நல்ல தண்ணியில் ஒரு லிட்டர் எடுத்து வைத்துக்கொள்கிறேன். டிராக்கை (லைன் ஓடுவதைத் தடுக்கும் ரீலின் பிரேக்கை) இறுக்கிவிட்டு, அழுத்திப் பீய்ச்சாமல் மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்துக் காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வைப்பேன். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் தட்டுகள் அமுங்கிவிடும்.

ஆகஸ்டில் புது ராடுக்கு அலைந்தேன். பாறைக்கும் காலாவுக்கும் எந்த நம்பர் என்று எழுதி வைத்தவர்கள் குறைவு. சால்மனுக்கு நிறையவே எழுதியிருக்கிறார்கள், அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். பசிபிக் பக்கத்தில் பிங்க் சால்மனுக்கு 6 அல்லது 7, கோஹோவுக்கு 8, பெரிய சினூக்குக்கு 10 என்பது வழக்கம். நம் கரையோரத்தில் என் கைக்கு எட்டுகிற பாறை, கட்டா, சீலா, காலா எல்லாம் ஒன்று முதல் நாலு கிலோவுக்குள். கோஹோவின் எடைதான், ஓட்டம் இன்னும் வேகம். 8 போதும் என்று மனதில் பட்டது. 10ஆம் நம்பர் காற்றை இன்னும் நன்றாகக் கிழிக்கும். நண்பர் ஒருவருடையதை வாங்கி ஒரு மணி நேரம் வீசியதில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது, வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

இரண்டு கையால் வீசும் 12, 14 அடி சால்மன் ராடும் ஒரு வாரம் மனதை இழுத்தது. ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் பின்னால் மரம் நெருக்கமாக நிற்பதால், லைனைப் பின்னால் முழுக்க நீட்டாமல் தண்ணீர் மேலேயே ஒரு வளையம் போட்டு வீசும் முறையை உண்டாக்கினார்கள். எனக்கும் பின்னால் கருவேலம் நிற்கிறதே என்று நினைத்தேன். ஆனால் அரியமானில் முப்பது அடி எடுத்து வைத்து உள்ளே போய்விட்டால் முதுகுக்குப் பின்னால் வெறும் தண்ணீர்தான். ஆற்றுக்காரர்களின் தீர்வு ஆற்றுக்குப் பொருந்தும். ஒற்றைக் கை ராடிலேயே உருட்டி வீசப் பழகிக்கொண்டேன்.

கடைசியில் வாங்கியது 9 அடி, 8ஆம் நம்பர், நாலு துண்டாகப் பிரியும் கார்பன் ராட். ஒருவர் பயன்படுத்தியது, 8,000 ரூபாய். ரீலுக்கு 11,000. லைனுக்கு 5,000. ட்ரவுட்டுக்கு வாங்கியபோது பணத்தில் பெரும்பங்கை ராடில் போட்டேன், அங்கே அது சரிதான். கடலுக்கு அதைத் தலைகீழாக மாற்றச் சொல்வேன். ராடில் நான் பார்த்தது மூன்று விஷயம். பிடிக்குக் கீழே வயிற்றில் ஊன்ற ஒரு குமிழ் இருக்கிறதா, வளையங்கள் துருப்பிடிக்காதவையா, என் கை வேகத்துக்கு வளைகிறதா. மிக விறைப்பான ராட் தூரம் போடும், ஆனால் நேரம் தவறினால் மன்னிக்காது. அதனால் நடுத்தர விறைப்பு எடுத்தேன். கடைக்குள் நின்று வெறும் ராடை ஆட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. லைன் போட்டு வெளியே வீசிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். இன்னொன்று: துண்டுகள் சேரும் இடத்தில் மணல் புகுந்தால் அப்படியே இறுகிவிடும். ஒவ்வொரு தடவையும் துணியால் துடைத்து மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துச் செருகுகிறேன்.

ரீலில் முதலில் ஏமாந்தேன். கடலுக்கு ஏற்றது என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்ததில் அடிப்பாத ஸ்குரூ இரண்டும் பத்தே நாளில் செந்துரு ஆயிற்று. நல்லவேளை, திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வாங்கும்போது காந்தத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய் ஒவ்வொரு ஸ்குரூவிலும் வைத்துப் பார்த்தேன். நன்றாக ஒட்டினால் சாதா இரும்பாக இருக்கும் என்று சந்தேகப்படலாம். டிராக் முழுக்க மூடியிருக்க வேண்டும், உப்புத் தண்ணீர் தட்டுக்குள் போகக் கூடாது. நடு உருளை அகலமாக இருந்தால் ஒரு சுற்றுக்கு அதிக லைன் ஏறும், மீன் நம்மை நோக்கி ஓடிவரும்போது அது பெரிய உதவி. ஃப்ளை லைன் 90 அடிதான். அதற்குப் பின்னால் 30 பவுண்டு தாங்கும் பின்னல் நூலை 150 மீட்டர் சுற்றியிருக்கிறேன். ஊட்டியில் அந்த நூலின் நிறத்தைக்கூடப் பார்த்ததில்லை.

செப்டம்பர், அக்டோபர் முழுக்கப் பயிற்சி. ஊருக்கு வெளியே காய்ந்த கண்மாயில் முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டி வீசிப் பார்த்தேன், பொடிக்கல் லைன் பூச்சைச் சுரண்டிவிட்டது. அதனால் தண்ணீர் மேல்தான் பயிற்சி என்று ஆயிற்று. இடது கையால் லைனை முன்வீச்சிலும் பின்வீச்சிலும் ஒவ்வொரு இழுப்பு இழுக்கும் முறை கைகூட ஆறு வாரம் ஆனது. இப்போது அதே காற்றில் 60 அடி போகிறது.

ஃப்ளையும் இங்கேயே கட்டுகிறேன். மான் வால் முடி கட்டும் க்ளவுசர் மின்னோ என்ற வகையில், மானுக்குப் பதில் வெள்ளாட்டுக் கிடாயின் வால் முடி. கறிக்கடையில் கேட்டால் சும்மா தருவார்கள், ஷாம்பூ போட்டு அலசி நிழலில் காய வைத்தால் போதும். பளபளப்புக்குக் கோயில் கடை ஜிகினா நாலு இழை. கண்ணுக்குச் சாவிக்கொத்தின் குண்டுச் சங்கிலியிலிருந்து இரண்டு குண்டு. தண்ணீரில் இழுத்தால் அச்சு அசல் சூடை மீன் மாதிரி மினுங்கி ஓடுகிறது. ஆலாக்கள் கூட்டமாக விழுந்து எழும் இடத்தில் போட்டால் முரல் உடனே வரும். சீலாவும் வரும், அதன் பல்லுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி கட்டாவிட்டால் ஃப்ளை போய்விடும். முழங்கால் தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடக்க வேண்டும், மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். தென்கடலில் இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. நான் கரையோடு சரி.

வாடைக்காலத்தில் வடகடல் கலங்கிவிட்டது, இரண்டு மாதம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

பிப்ரவரியில் பெரியவர் போன் பண்ணி, “ஆத்தங்கரையில காலா ஏறுது, வாங்க” என்றார். வைகை கடலைத் தொடும் இடம், அழகன்குளத்துக்குப் பக்கம். விடியுமுன் போனோம். மழைக்குப் பிந்தைய மங்கல் தண்ணீர், வற்றம், அதாவது கடல் நீர் இறங்குவது, தொடங்கியிருந்தது. காலாவை ஆங்கிலத்தில் இந்தியன் சால்மன் என்றுதான் சொல்கிறார்கள். சால்மன் குடும்பத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் சால்மனுக்கென்று தேர்ந்தெடுத்த ராடில் அது வந்து மாட்டியது எனக்குத் தனிச் சந்தோஷம். எட்டாவது வீச்சில் லைன் கனத்தது. முதல் ஓட்டத்திலேயே 90 அடி லைன் முழுக்கப் போய், ஆரஞ்சு நிறப் பின்னல் நூல் வளையங்கள் வழியாகப் போவதை முதன்முறையாகப் பார்த்தேன். டிராக் ஒரே சீராக இரைந்தது. கைப்பிடியைத் தொடாமல் ராடை மட்டும் உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். பெரியவர், “விடுங்க, விடுங்க, அதுவா நிக்கும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை நின்று, மூன்றாவது தடவை திரும்பியது. கரைக்கு வர கால் மணி நேரம்.

இரண்டே கால் கிலோ. மூக்கு வாயைத் தாண்டி முன்னால் நீட்டி, கண் மேல் கண்ணாடித் தாள் ஒட்டியதுபோல் ஒரு படலம். பக்கத் துடுப்புக்குக் கீழே ஒவ்வொரு பக்கமும் நான்கு நான்காக மீசை இழைகள். கலங்கல் தண்ணீரில் அந்த இழைகளால் தடவித்தான் இரையைக் கண்டுபிடிக்கும். வாய்க்குள் விரல் வைத்தால் உப்புத்தாள் போல் பல். பாதியைப் பெரியவர் வீட்டில் கொடுத்துவிட்டு மீதியை எடுத்து வந்தேன்.

ரீலைக் கழுவும்போது பார்த்தேன், நரம்பின் கடைசி ஒரு சாண் அரம் வைத்துத் தேய்த்த மாதிரி சொரசொரத்துக் கிடந்தது. இன்னும் இரண்டு நிமிடம் நின்றிருந்தால் அறுந்திருக்கும். 30 பவுண்டு நரம்பு ஒரு முழம் முன்னால் கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை வற்றம் நாலரைக்கு, ஆத்தங்கரைக்கே போகிறோம்.