நட்சத்திரக் குறிகளை நம்பிய கதை

பைப்லைன் (நிரலைத் தானாகவே சோதித்துத் தளத்தில் ஏற்றும் தொடர்) எழுதும் லாகில், அதாவது செயல்பதிவில், ரகசியம் வர வேண்டிய இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி விழுந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் குழுவின் ஏபிஐகள் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகங்கள்) எல்லாம் ஓர் ஒருங்கிணைப்புத் தளத்தில் ஓடுகின்றன. நிரலின் மெயின் கிளையில் மாற்றங்கள் மெர்ஜ் ஆனதும், கிட்ஹப்பின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் பில்ட் செய்து, சோதித்து, தளத்தில் டிப்ளாய் செய்துவிடும், அதாவது ஏற்றிவிடும். தளத்துக்குள் நுழைய ஒரு கிளையன்ட் ஐடி, ஒரு கிளையன்ட் சீக்ரெட் (பைப்லைனுக்கான பயனர் பெயர், கடவுச்சொல் மாதிரி). இரண்டும் ரெப்போவின் (நிரல் சேமிப்பிடத்தின்) சீக்ரெட்ஸ் பகுதியில் பத்திரமாக இருந்தன.

ஒரு நாள் டிப்ளாய் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) என்று விழுந்தது. டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்கும் கர்ல் கட்டளையில், எல்லா விவரத்தையும் காட்டும் வெர்போஸ் கொடியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். லாகில் ஹெடர்கள் வரிசையாக இறங்கின. ‘ஆதரைசேஷன்: பேசிக்’ என்று ஒரு வரி, அதன் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு சரம். சீக்ரெட்டை ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்றிடமும் சேர்ந்து வந்திருந்ததுதான் கோளாறு என்று தெரிந்தது. சரிசெய்தேன், டிப்ளாய் ஆனது, வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி மெதுவாக வந்து கேட்டான்: “அக்கா, நேத்து லாக்ல இருக்கிற அந்த வரியை டீகோட் பண்ணிப் பாத்தீங்களா?”

பார்த்தேன். ஐடி, நடுவில் முக்காற்புள்ளி, அப்புறம் முழு சீக்ரெட். அந்தச் சரம் பேஸ்64 என்ற குறிமாற்றத்தில் இருந்தது. அது பூட்டு இல்லை, வெறும் வேஷம். யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் கலைக்கலாம். லாகில் மறைக்கும் வசதி, தனக்குத் தெரிந்த சரம் அப்படியே வந்தால்தான் மறைக்கும். வேஷம் மாற்றி வந்தால் அதற்கு அடையாளம் தெரியாது. ரெப்போவைப் படிக்க அனுமதி உள்ள அத்தனை பேரும் அந்த லாகைப் பார்க்கலாம்.

ஒரு மணி நேரத்தில் சீக்ரெட்டை மாற்றிவிட்டோம். மாற்றும்போதுதான் வயிறு கலங்கியது. உருவாக்கத்துக்கான டெவ், சோதனைக்கான டெஸ்ட், நிஜப் பயனர்களுக்கான புரொடக்‌ஷன் மூன்றுக்கும் அந்த ஒரே கிளையன்ட். போதாததற்கு நிறுவன அட்மின் அதிகாரம் வேறு. ஆரம்பத்தில் அனுமதிப் பிழை வந்தபோது யாரோ ‘இப்போதைக்கு’ என்று கொடுத்தது. இந்தத் துறையில் ‘இப்போதைக்கு’ என்றால் நிரந்தரம் என்று பொருள்.

கிளையன்ட்டை மூன்றாகப் பிரித்தோம். புரொடக்‌ஷன் கிளையன்ட்டுக்கு டிப்ளாய் செய்யவும் நிலையைப் பார்க்கவும் மட்டும் அனுமதி. பயனர்களைச் சேர்ப்பதோ பாலிசிகளை மாற்றுவதோ முடியாது. மனிதர்களின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பைப்லைனுக்குக் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயமானால் அது அன்றே நின்றுபோகும். மியூல்சாஃப்ட் எனிபாயிண்ட் என்ற ஒருங்கிணைப்புத் தளத்தில் இதற்குத்தான், மனிதருக்குப் பதில் நிரல் நுழைய, கனெக்டட் ஆப் இருக்கிறது. பில்ட் கருவியான மேவனின் அமைப்புக் கோப்பில் ‘கிளையன்ட்’ என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் மும்மூன்று அலைக்குறி போட்டு அதைப் பயனர் பெயராகக் கொடுக்கச் சொல்வார்கள். முதன்முதலில் பார்த்தபோது யாரோ தட்டச்சில் தவறிவிட்டார்கள் என்று நினைத்து அழித்திருக்கிறேன்.

அடுத்து, ரெப்போவில் சீக்ரெட்டே இல்லாமல் செய்ய முடியுமா என்று யோசித்தோம். எங்கள் தளம் கிட்ஹப் தரும் ஓஐடிசி டோக்கனை (இது எந்த ரெப்போவின் பைப்லைன் என்று சொல்லும் அடையாளச் சீட்டை) நேரடியாக ஏற்காது. அதனால் நடுவில், ரகசியங்களைக் காக்கும் மென்பொருளான வால்ட்டை வைத்தோம். பைப்லைன் தன் டோக்கனை வால்ட்டிடம் காட்டும். எந்த ரெப்போ, எந்தக் கிளை என்று வால்ட் சரிபார்த்து, தளத்தின் சீக்ரெட்டை அந்த ஓட்டத்துக்கு மட்டும் கொடுக்கும். சீக்ரெட் இன்னும் இருக்கிறதுதான். ஆனால் மாற்ற வேண்டிய இடம் இப்போது ஒன்றே ஒன்று.

இதில் அரை நாள் போனது. வால்ட்டில் மெயின் கிளைக்கு அனுமதி என்று விதி எழுதினேன், ஓடியது. அப்புறம் ஒருவர் பார்த்து ஒப்புதல் தரட்டுமே என்று அந்த ஜாபில் புரொடக்‌ஷன் என்விரான்மென்ட்டைச் சேர்த்தேன். உடனே அனுமதி மறுப்பு. விதியை நாலு தடவை படித்தேன், தப்பே இல்லை. கடைசியில் டோக்கனைப் பிரித்துப் பார்த்தால், ஜாபில் என்விரான்மென்ட் இருந்தால் ‘சப்’ புலத்தில் (டோக்கன் யாருடையது என்று சொல்லும் இடத்தில்) கிளையின் பெயர் வராது, அதன் இடத்தில் என்விரான்மென்ட் பெயர்தான் வரும். ஆத்திரத்தில் ரெப்போ பெயருக்குப் பின் ஒரு நட்சத்திரத்தைப் போட்டு எல்லாவற்றையும் அனுமதித்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அப்படிப் போட்டிருந்தால் அந்த ரெப்போவில் எந்தக் கிளையில் எதை ஓட்டினாலும் கதவு திறந்திருக்கும்.

2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் விவகாரம் வெடித்தபோது தம்பிதான் முதலில் சொன்னான். 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் தங்கள் பைப்லைனில் பயன்படுத்திய ஆயத்தத் துணுக்கான ஓர் ஆக்‌ஷனின் பழைய டேக்குகளை (பதிப்புப் பெயர்களை) தீய கமிட்டுக்கு (நிரல் மாற்றத்துக்கு) திருப்பி, பைப்லைனை ஓட்டும் கணினியான ரன்னரின் நினைவகத்தில் இருந்த ரகசியங்களை லாகில் கொட்ட வைத்திருந்தார்கள். பேஸ்64-இல் இரண்டு முறை சுற்றி! நான் தெரியாமல் செய்ததை அவர்கள் தெரிந்தே செய்திருந்தார்கள். அன்று மாலையே வெளி ஆக்‌ஷன்கள் எல்லாவற்றையும் டேக்கிலிருந்து யாரும் வேறெதற்கும் திருப்ப முடியாத 40 எழுத்துக் கமிட் ஹாஷுக்கு மாற்றினோம்.

பழைய அட்மின் கிளையன்ட் மட்டும் பாக்கி இருந்தது. யாரும் பயன்படுத்தவில்லை என்று எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். அழிக்கத் துணிவில்லாமல் முடக்கி மட்டும் வைத்தேன். மூன்றாம் நாள் காலை நிதிக் குழுவிலிருந்து போன்: “எங்க மாசக் கடைசி ரிப்போர்ட் வரலையே, நீங்க ஏதாவது மாத்துனீங்களா?”