மகளின் டெர்மாய்டு கட்டியும் என் கையிலிருந்த பழைய பாலிசியும்

பதினைந்து வயது மகளின் இடது சினைப்பையில் 7 செ.மீ. அளவில் இருந்த டெர்மாய்டு கட்டியை லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, அகற்றிவிட்டார்கள். சிகிச்சையைவிடக் காகிதங்களே எங்களை அதிகம் அலைக்கழித்தன.

முதல் வீண் பயணம் ஸ்கேனுக்கு. திருமணமாகாத பெண் என்பதால் வயிற்றின் மேல்தான் பார்ப்பார்கள். அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் காக்க வைத்ததில் அவளால் அடக்க முடியாமல் போக, மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள். உங்கள் முறை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கத் தொடங்குங்கள். உறவினர்களோ நீர்க்கட்டி என்றதுமே பிசிஓடி (ஹார்மோன் கோளாறோடு வரும் சினைப்பைப் பிரச்சினை) என்று எண்ணி, வெந்தயத்தை ஊற வைக்கச் சொன்னார்கள். சாதாரண நீர்க்கட்டி பெரும்பாலும் சில மாதங்களில் தானே மறைந்துவிடும் என்பதும், கொழுப்பும் முடியும் அடங்கிய டெர்மாய்டு அப்படி மறையாது, அதனால் சினைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு என்பதும் மருத்துவர் விளக்கிய பின்னரே எனக்குப் புரிந்தன.

மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருந்தவர், இந்த ஆண்டுப் புதுப்பித்தல் தேதியை மட்டும் பார்த்து, “கட்டிகளுக்குப் பாலிசி எடுத்ததிலிருந்து 24 மாதக் காத்திருப்புக் காலம் இருக்கிறது, கிடைக்காதும்மா” என்று கோப்பைத் திருப்பித் தந்துவிட்டார். பாலிசி எடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, பீரோவைக் குடைந்து, முதல் ஆண்டுப் பாலிசியின் நகலைக் கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகே காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதிக்கு அனுப்பினார். அன்று மாலையே அனுமதி வந்துவிட்டது. பழைய பாலிசித் தாள்களைத் தயவுசெய்து பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

எனக்கு இன்னும் கோபம் தீராதது ஒப்புதல் படிவத்தின் மீதுதான். கட்டியை மட்டும் உரித்தெடுத்துச் சினைப்பையைக் காப்பாற்றுவதாக மருத்துவர் சொல்லியிருக்க, படிவத்திலோ சினைப்பையை அகற்றுவது என்றே அச்சாகியிருந்தது. “எல்லாருக்கும் இதே ஃபார்ம்தான், கையெழுத்துப் போடுங்கம்மா” என்றார் செவிலியர். நான் போடவில்லை. மருத்துவரே வந்து அந்த வரியை அடித்து, எந்த நெருக்கடியில் மட்டும் அகற்ற நேரும் என்பதையும் தம் கையால் எழுதிய பிறகே கையெழுத்திட்டேன்.

மூன்று சிறு துளைகள், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், சினைப்பை தப்பியது. மறுநாள் வயிற்றைவிடத் தோள்தான் வலிக்கிறது என்று அவள் அழுதபோது பதறிப்போனேன். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கரியமில வாயுவில் எஞ்சியது, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது, ஓரிரு நாளில் அடங்கிவிடும் என்பதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பத்து நாள் கழித்து வந்த பயாப்ஸி அறிக்கை, புற்று இல்லை என்றது. ஆனால் வயது 51 என்று அச்சிட்டிருந்தார்கள். தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே மகள் சிரிக்க, நான் திருத்தம் வாங்குவதற்காக மறுபடியும் பேருந்து ஏறினேன்.