கோலப்பொடியாட்டம் உதிரணும்: எம்.எஸ்சி. செய்முறைத் தேர்வு அனுபவம்

நேற்று ரிசல்ட் வந்தது. போன வருடம் மண்ணிலிருந்து மாசைப் பிரித்தெடுக்கும் செய்முறையில் தோற்ற எனக்கு இந்த முறை 81. ராத்திரி தூக்கமே வரவில்லை, அதனால் அடுத்து எழுதப் போகிறவர்களுக்காக உட்கார்ந்து எழுதுகிறேன். சாக்ஸ்லெட் (கரைப்பானைக் கொதிக்க வைத்து மண் வழியே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் கண்ணாடிக் கருவி) மாட்டுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

போன வருடம் வந்தது பல்லடம் பக்கத்து லாரிப் பட்டறைக்குப் பின்னால் எடுத்த கரிசல் மண், நல்ல ஈரம். அதிலிருந்து பி.ஏ.எச். (எண்ணெய், புகையிலிருந்து மண்ணில் சேரும் பல்வளைய ஹைட்ரோகார்பன் மாசுகள்) பிரித்தெடுக்க வேண்டும். 10 கிராம் மண்ணுக்கு, ஈரத்தை உறிஞ்ச 10 கிராம் நீரற்ற சோடியம் சல்பேட் போட்டு, கண்ணாடிக் குச்சியால் நாலு கிளறு கிளறி, சுண்டைக்காய் சுண்டைக்காயாகக் கட்டி இருந்ததை அப்படியே திம்பிளில் (சாக்ஸ்லெட்டுக்குள் மண்ணை வைக்கும் வடிகுழாயில்) திணித்துவிட்டேன். சரோகேட் (பிரித்தெடுப்பு சரியா என்று பார்க்கத் தெரிந்த அளவில் நாமே மண்ணில் சேர்க்கும் பொருள்) 92 சதவீதம் திரும்பி வந்தது. ஆனால் ஒரே மண்ணை ஏற்றிய இரண்டு திம்பிளில் ஒன்றின் பைரீன் (பி.ஏ.எச்.களில் ஒன்று) மற்றதில் பாதிதான். "ரெகவரி நன்றாக இருக்கிறதே, பிறகு ஏன்?" என்று வைவாவில் கேட்டார்கள். எனக்கு வாயே திறக்கவில்லை.

பதில் இதுதான். சரோகேட்டை நாம் மேலே விடுகிறோம், அது கரைப்பானில் சுலபமாகக் கழுவி வந்துவிடும். வருடக்கணக்காக மண்ணில் ஊறிய மாசு ஈரக் கட்டிக்குள் கிடக்கிறது, அங்கே கரைப்பானில் இருக்கும் ஹெக்சேன் நுழையாது.

எங்கள் ஆய்வகத்து அக்காதான் காப்பாற்றினார். "கோலப்பொடியாட்டம் விரலிடுக்குல உதிரணுங் கண்ணு" என்று கல்வத்தைக் கையில் கொடுத்தார். கரிசலுக்கு 10 கிராம் போதவில்லை, 22 கிராம் வரை போட்டு அரைத்த பிறகுதான் உதிர்ந்தது. கூடப் போட்டால் தப்பில்லை, ரெக்கார்டில் எழுதுங்கள், பிளாங்கிலும் (மண் இல்லாமல் ஓட்டும் சோதனையிலும்) அதே அளவு போடுங்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அப்புறம் சில:

- ஈரப்பதம் கணக்கிட 105 டிகிரியில் காய வைக்கும் மண் தனி. அதையே பிரித்தெடுக்காதீர்கள், லேசான பி.ஏ.எச். ஆன நாப்தலீன் பறந்துவிடும்.
- கரைப்பான் அசிட்டோன், ஹெக்சேன் 1:1. ஈரத்துக்குள் நுழைவது அசிட்டோன். கட்டாயம் கேட்பார்கள்.
- சாக்ஸ்லெட் மணிக்கு 4 முதல் 6 சுற்று, 16 முதல் 24 மணி நேரம் ஓட வேண்டும். ஏப்ரலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் சுடும், கண்டென்சர் (கரைப்பான் ஆவியைக் குளிர்விக்கும் குழாய்) குளிராது. நான் பக்கெட்டில் ஐஸ் போட்டு சின்ன மோட்டாரில் ஓட்டினேன்.
- பிரித்தெடுத்த கரைசலை நைட்ரஜன் ஊதிச் சுண்ட வைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். 1 மில்லியில் நிறுத்துங்கள், வறள விடாதீர்கள்.

சல்பேட்டை முந்தின நாளே 400 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டு டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில்) வைத்துவிடுங்கள். தேர்வன்று காலையில் போய்க் கேட்டால் ஃபர்னஸ் காலியாக இருக்காது.