இணையச் சந்தையில் பாய் விற்பதைத் தொடர்வதா?

பத்தமடையில் நெய்யும் சில வீடுகளிலிருந்து கோரைப் பாய்களை வாங்கி, ஒரு பெரிய இணையச் சந்தை வழியாக வெளியூர்களுக்கு விற்று வருகிறேன். சந்தையின் பெயர் இங்கே வேண்டாம். அதில் நீடிப்பதா விலகுவதா என்று சில மாதங்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வியாபாரம் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பத்தமடைக்குப் பக்கத்திலுள்ள சேரன்மகாதேவியின் பெயரையே கேள்விப்படாத ஒருவர் புனேயிலிருந்து பாய் கேட்கிறார் என்றால், அது அந்தச் சந்தை இருப்பதால்தான். பலர் குறைபட்டுக்கொள்ளும் வரிப் பிடித்தமும் எனக்குப் பெரிய சுமையாகத் தெரியவில்லை. மின்வணிக விற்பனை மீதான வருமான வரிப் பிடித்தம் 2024 அக்டோபரில் ஒரு சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

தொல்லை பார்சலில் தொடங்குகிறது. தராசில் நிற்கும் எடை, பெட்டியின் அளவை வைத்துப் போடும் எடை, இவற்றில் எது அதிகமோ அதற்கே கூரியர் கட்டணம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான வழக்கம். நாலடிப் பாயைச் சுருட்டி அட்டையில் கட்டினால் 122 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் பருமனும் வரும். கணக்குப்படி அது மூன்றரைக் கிலோ, மெல்லிய பாயோ தராசில் அவ்வளவு காட்டாது. இதைக்கூட விலையில் ஏற்றிவிடலாம். அதே பாய்க்கு, அதே அட்டைக்கு, இந்த வாரம் ஓர் எடையும் அடுத்த வாரம் வேறோர் எடையும் போட்டுப் பிடித்தம் செய்தால், எதை எந்த விலையில் ஏற்றுவது?

இதைவிட மோசம் கல்யாணப் பாய். மணமக்கள் பெயரைச் சேர்த்து நெய்யும் பட்டுப்பாய்க்குக் கோரையை மெல்லிசாகக் கீறி, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றி, அதன் பிறகே தறிக்குக் கொண்டுபோக முடியும். நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். சந்தையின் கணினிக்கு அதுவும் ஒன்றுதான், செல்போன் உறையும் ஒன்றுதான். 'பிடிக்கவில்லை' என்று வாங்கியவர் பொத்தானை அழுத்தினால் பாய் திரும்பி வந்துவிடுகிறது. இன்னொருவர் வீட்டு மணமக்கள் பெயர் போட்ட பாயை நான் யாரிடம் விற்பது?

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கே அந்தப் பெயர் என்னும் சட்டப் பாதுகாப்பு, இருக்கிறது. இருந்தும், தேடினால் விசைத்தறிப் பாய்கள் அதே பெயரோடு, பாதி விலையில், முதல் வரிசையில் நிற்கின்றன. புகார் எழுதியாயிற்று, பலன் ஒன்றுமில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் திருநெல்வேலி சந்திப்புப் பேருந்து நிலையமே வெள்ளத்தில் நின்றது; சாலையும் இரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. கூரியர் வண்டி வர வழியில்லாத அந்த நாட்களையும் 'அனுப்பத் தாமதம்' என்று எழுதி, விற்பவருக்கான மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், வாங்குபவரின் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. விற்பவரின் புகாருக்கு அப்படியொரு கெடுவை நான் அவற்றில் காணவில்லை.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், பணம் சொன்ன நாளில் வந்தால். ஒரு ரிட்டர்ன் தகராறு முடியும்வரை வேறு ஆர்டர்களின் பணத்தையும் நிறுத்திவைக்கிறார்கள். நெய்பவர்களுக்கோ வாரக் கூலி. "கம்பெனிக்காரன் போட்டாத்தான் எங்களுக்குத் துட்டா, தம்பி?" என்று ஓர் அம்மா கேட்டபோது, கைக்காசைக் கொடுத்தேன். எத்தனை வாரத்துக்கு அப்படிக் கொடுக்க முடியும் என்பதே இப்போது என் முன்னால் நிற்கும் கேள்வி.

அதனால் கல்யாணப் பாய்களைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டேன். தொலைபேசியில் பேசி, பெயர்களின் எழுத்தை வாட்ஸ்அப்பில் உறுதிசெய்து, பாதிப் பணம் யுபிஐயில் வந்த பிறகே தறிக்குச் சொல்கிறேன்; பார்சல் அஞ்சலகத்தில் போகிறது. ஆர்டர் குறைந்துதான் போயிற்று. தடுக்குகளும் மேசை விரிப்புகளும் மட்டும் சந்தையில் இருக்கின்றன, ஏனென்றால் அவை சிறிய பெட்டியில் அடங்கும், திரும்பி வந்தாலும் மறுபடி விற்கலாம். அங்கே மாட்டிக்கொள்ளும் தொகை ஒரு வாரக் கூலியைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறேன். சித்திரைக்குள் அந்த வரம்பு உடைந்தால் தடுக்குகளையும் எடுத்துவிடுவேன்.